ஒரே ஹெட்லைட்டுக்கு இரண்டு புகார்

ஹெட்லைட் வயரிங்கை மாற்றுவது பற்றிப் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ரிலே, ஃப்யூஸ், எர்த் என்று சொல்லிவிட்டு, கடைசியில் ராஜேந்திரன் காரைப் பற்றியும் சொல்வேன். அந்தக் காருக்கு இரண்டு புகார் வந்தது. கணவர் வெளிச்சம் போதவில்லை என்றார். மனைவி வெளிச்சம் அதிகம் என்றார். இருவரும் சொன்னது ஒரே ஹெட்லைட்டைத்தான்.

வெளிச்சம் பத்தல

எனக்கு அரியலூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. ராஜேந்திரன் கீழப்பழுவூர்க்காரர். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையின் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் ஒப்பந்த வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு பழைய கார் இருந்தது. அதில் அவர் மனைவி மலர்க்கொடி விடியற்காலையில் இட்லி மாவு பாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு போய் அரியலூர்க் கடைகளுக்குப் போடுவார். சாயங்காலத்துக்கு மேல் ராஜேந்திரன் ஓட்டுவார். மாவு ஏற்றுவதால் கார் எப்போதும் லேசாகப் புளித்த வாசனை அடிக்கும்.

"அண்ணே, வெளிச்சம் பத்தல. ரோடே தெரிய மாட்டேங்குது" என்று காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதினாலு வோல்ட்டுக்குப் பக்கம் இருந்தது. பல்பு சாக்கெட்டில் பன்னிரண்டுகூட இல்லை. அந்தக் கால வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும். வயரும் மெல்லியது. பாதி வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். புகார் நியாயமானது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. பேட்டரியிலிருந்து தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். ஃப்யூஸைத் தள்ளி வைத்தால் பேட்டரிக்கும் அதற்கும் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது வேடிக்கை பார்க்கும். பழைய வயருக்கு ரிலே என்ற மின்சுவிட்சைத் தட்டிவிடும் வேலை மட்டும். தகட்டுக்குள் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம். பாடியில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு எர்த். பல்பு மட்டும் கம்பெனி சொன்ன அதே வாட், பிரைட்டுக்கு அறுபது, டிம்முக்கு ஐம்பத்தைந்து.

பல்பில் வோல்ட் ஏறியது. வெளிச்சம் வெள்ளையாக விழுந்தது.

"இதே மாதிரி வேனுக்கும் போடலாமாண்ணே?" என்று கேட்டார்.

"ஒப்பந்தக்காரரக் கேட்டுட்டு வாங்க, போட்டுடலாம்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிச்சம் அதிகம்

கொஞ்ச நாள் கழித்து மலர்க்கொடி மாவு போட்டுவிட்டு வரும் வழியில் கடைக்கு வந்தார்.

"அண்ணே, எதுக்க வர்றவன் எல்லாம் என்னத் திட்டிட்டுப் போறான். ஒரு லாரிக்காரரு வண்டிய நிறுத்தி எறங்கியே வந்து திட்டிட்டாரு. கொஞ்சம் கொறைச்சு வையுங்க."

பார்த்தேன். ரிலே சரியாக இருந்தது. ஆனால் ஹெட்லைட்டின் அட்ஜஸ்ட் திருகை யாரோ முழுக்கத் திருப்பி வைத்திருந்தார்கள். வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு எதிரே வருகிறவன் முகத்தில் அடித்தது.

"யாரும்மா திருப்புனது?"

"அவருதான். ரெண்டு நாளா ஸ்க்ரூ டிரைவரும் கையுமா இருந்தாரு."

இறக்கிச் சரி செய்து அனுப்பினேன். மறுநாள் ராஜேந்திரன் வந்தார்.

"என்னண்ணே, கொறைச்சுட்டீங்க?"

"கொறைக்கல. எறக்கியிருக்கேன். உங்க வூட்டுல சொன்னாங்க."

"அது கெடக்குதுண்ணே. நீங்க நூறு வாட் பல்பு ஒரு செட் போட்டு விடுங்க."

மாட்டேன் என்றேன். சாக்கெட் பிளாஸ்டிக் இளகிவிடும், உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் கருகும், சட்டத்திலும் இடமில்லை என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நேராக வேறு கடைக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். பிரைட் போட்டபோதெல்லாம் நான் போட்ட ஃப்யூஸ் எரிந்து போயிருக்கிறது. அந்தக் கடையில் பெரிய ஃப்யூஸாக ஒன்றைச் செருகி அதையும் தீர்த்து வைத்திருக்கிறார்கள்.

கருகல் வாசனை

அடுத்து வந்ததும் மலர்க்கொடிதான். பேனட்டைத் திறந்து வைத்தபடியே நின்றார்.

"கருகுன வாடை வந்துச்சுண்ணே. மாவு கெட்டுப்போச்சோன்னு ஒவ்வொரு பாக்கெட்டா எடுத்து மோந்து பாத்தேன். மாவு இப்படி நாறாதேன்னு அப்பறந்தான் முன்னாடி வந்து பாத்தேன். பொகை வருது."

ஒரு பக்கச் சாக்கெட் உருகிப் பல்போடு ஒட்டியிருந்தது. வயர் தோல் சுருங்கி உள்ளே செம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் காரே எரிந்து போயிருக்கும்.

சாக்கெட்டையும் வயரையும் மாற்றினேன். பழைய வாட் பல்பையும் சரியான ஃப்யூஸையும் போட்டேன். போடும்போது யோசித்தேன். லைட்டில் இனி நான் பார்க்க ஒன்றும் பாக்கியில்லை. அந்த அம்மா இதே லைட்டில்தான் தினமும் இருட்டில் ஓட்டுகிறார். அவருக்கு ரோடு தெரிகிறது.

"நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்து வாங்க. ஓட்டிப் பாத்துடலாம்" என்றேன்.

வந்தார்கள். ராஜேந்திரன் ஓட்டினார், நான் பக்கத்தில், மலர்க்கொடி பின்னால். பெரம்பலூர் ரோட்டில் போனோம். வெளிச்சம் மங்கும் நேரம்.

"அந்தப் போர்டுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றேன்.

"லைட்டப் பாக்கத்தான வந்தோம்? போர்டு எதுக்குண்ணே?"

பின்சீட்டிலிருந்து மலர்க்கொடி போர்டைப் படித்தார்.

கொஞ்ச தூரத்தில் கரும்பு ஏற்றிய ட்ராக்டர் ஓரமாக நின்றது. பின்னால் லைட் இல்லை. எதிரே ஒரு பஸ் வந்தது. நான் ட்ராக்டரைப் பார்த்துவிட்டேன். ராஜேந்திரன் வேகத்தைக் குறைக்கவில்லை.

"ஏங்க, ட்ராக்டர், ட்ராக்டர்" என்றார் மலர்க்கொடி. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். ராஜேந்திரன் பிரேக்கை அழுத்தினார். கரும்புத் தோகை என் பக்கக் கண்ணாடியைத் தடவியது. கார் நின்றது. பஸ் திட்டிவிட்டுப் போனது.

"பின்னாடி ஒரு லைட் போட்டு நிறுத்துனா என்னவாம்" என்றார் ராஜேந்திரன்.

"போட்டிருக்கணும்தான்" என்றேன். "ஆனா நான் பாத்தேன். அவங்களும் பாத்தாங்க."

"எத்தன நாளா இப்படி?" என்று மலர்க்கொடி கேட்டார்.

ராஜேந்திரன் இன்ஜினை நிறுத்தினார். பிறகு, "ஆறேழு மாசம் இருக்கும். பகல்ல ஒண்ணும் தெரியல. இருட்டுனப்பறம் எதுக்க லைட் வந்தா எல்லாம் வெள்ளையாப் போயிடுது. லைட்டக் கூட்டுனா சரியாப் போயிடும்னு பாத்தேன்" என்றார்.

"அப்ப வேன எப்படி ஓட்டுறீங்க?" என்று மலர்க்கொடியே மறுபடி கேட்டார்.

"அது பழகுன ரோடு."

"ரோடு பழகுனது. ரோட்டுல நிக்கிறது?"

"கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா வேன வேற ஆளுகிட்டக் குடுத்துடுவாங்க மலரு. இந்த வயசுல என்னைய எவன் கூப்புட்டு வேல குடுப்பான்?"

"அந்த வேன்ல என் தம்பியும்தான் வரான்" என்றார் மலர்க்கொடி. குரலை உயர்த்தவே இல்லை.

ராஜேந்திரன் கீழே இறங்கினார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, பின்சீட்டில் காலி மாவு டிரேக்களுக்கு நடுவே இடம் பண்ணி உட்கார்ந்தார். திரும்பும்போது மலர்க்கொடி ஓட்டினார். வழியெல்லாம் ராஜேந்திரன் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். கண் கோளாறா, அழுகையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஒப்பந்தக்காரரிடம் அவரே போய்ச் சொன்னார். வேன் அவர் பயந்தபடியே வேறு ஆள் கைக்குப் போனது. பெரம்பலூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். ஒவ்வொரு கண்ணாகச் செய்து முடிக்கும்வரை மனைவியோடு காரில் போய், கடை கடையாக மாவு பாக்கெட்டை இறக்கி வைத்தார். அவள் ஓட்டுவது ரொம்ப மெதுவு என்று எல்லாக் கடையிலும் சொல்லிவிட்டு வந்தார்.

பார்வை திரும்பியது. ஷிப்டு வேன் திரும்பவில்லை. அதே ஒப்பந்தக்காரர் பகல் நடைக்கு ஒரு சின்ன வண்டியைக் கொடுத்தார். அதில் அவருக்கு வருத்தம்தான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார்.

"இவ்வளவு அழுக்காவாண்ணே கடைய வச்சிருக்கீங்க?" என்றார்.

இப்போது யாராவது வெளிச்சம் பத்தவில்லை என்று வந்தால் முதலில் வோல்ட் பார்ப்பேன். எர்த், ஹெட்லைட் கண்ணாடி, லைட் விழும் உயரம் எல்லாம் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால், எதிரே பாத்திரக் கடையில் தொங்கும் குடங்களை எண்ணச் சொல்வேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். நல்ல வயரிங்கால் பல்பு வரைக்கும்தான் கரண்டைக் கொண்டுபோக முடியும். குடத்தை எண்ணத் தடுமாறுகிறவர் வண்டியில் நான் ரிலே போடுவதில்லை. கண் டாக்டர் இருக்கும் ஊரையும் பஸ் நேரத்தையும் சொல்லி அனுப்புகிறேன்.