பஞ்சாமிர்தத்தில் கலக்காத மாத்திரை

எனக்கு ரத்தத்தில் புற்றுநோய். மாதம் ஒருமுறை திருத்தணியில் ரயிலேறி சென்னை ஆஸ்பத்திரிக்குப் போவேன். மாத்திரை தரும் நர்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "வீட்ல யாராவது மாசமா இருக்காங்களா?"

அந்த முறை என் மகளுக்கு இரண்டாம் மாதம். வாந்தி அதிகமென்று பொதட்டூர்பேட்டையிலிருந்து என்னிடம் வந்திருந்தாள். ஆனால் மூன்று மாதம் முடியும் முன் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதோடு எனக்குக் கூச்சம் வேறு. "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாத்திரை உள்ளே தூள் அடைத்த பெரிய கேப்சூல், தொண்டையில் நிற்கும். மறுநாள் காலை மகள் மலைக்கோயில் பஞ்சாமிர்தத்தைக் கிண்ணத்தில் போட்டு, மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பிரிச்சு இதுல கலந்துடறேம்மா. வழுக்கிக்கினு உள்ள போயிடும்."

நர்ஸின் கேள்வி ஞாபகம் வந்தது. அட்டையைப் பிடுங்கினேன். யாருக்கும் போன் செய்யத் தயங்குகிற நான் அன்று தயங்காமல் நர்ஸுக்குப் போன் செய்து, மறைத்ததையும் ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன்.

"மாத்திரைய பிரிச்சாங்களா?" என்றார் நர்ஸ்.

"இல்லீங்க. அட்டையதான் தொட்டா."

"அப்ப பயப்படாதீங்க. கைய கழுவச் சொல்லுங்க. அவங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கண்ணு பட்டுடும்னு என்கிட்டயே மறைச்சீங்களாக்கா? என் கண்ணு அவ்ளோ பொல்லாததா?"

சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். எந்த ஜீன் எப்போது வேலை செய்யவேண்டும் என்று சொல்லும் புரதங்கள் செல்லுக்குள் இருக்கின்றனவாம், மேஸ்திரி மாதிரி. வேலை முடிந்ததும் செல்லே அவற்றுக்கு ஓர் அடையாளம் ஒட்டி உடைத்துப் போடும். என் மாத்திரை, புற்றுநோய்ச் செல் உயிர்வாழத் தேவையான மேஸ்திரிகளுக்கு அந்த அடையாளத்தை ஒட்டவைக்கிறது. மேஸ்திரி போனால் அந்தச் செல்லும் சாகும்.

"வயித்துப் புள்ளைக்கு கை கால் வளரவும் ஒரு மேஸ்திரி வேணும்க்கா. இந்த மருந்து அங்க போச்சுன்னா அவனையும் உடைச்சிடும்."

எனக்குப் பயமாக இருந்தது. கூடவே வியப்பாகவும் இருந்தது. நான் ஜாக்கெட் தைப்பவள். அளவு பார்க்கப் போட்ட தையலை நேரத்தில் பிரிக்காவிட்டால் ஜாக்கெட் உருப்படாது, முன்னாலேயே பிரித்தாலும் உருப்படாது. பத்தாவது வரை படித்த எனக்கு அதுவரை உடம்பென்றால் வளர்வதுதான். இத்தனை கணக்காக உடைப்பதும் அதன் வேலை என்று தெரியாது. அந்த வேலையைக் கண்டுபிடித்து, அதையே எனக்கு மருந்தாக்கியவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அன்று மகளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு மாத்திரையை முழுசாக, தண்ணீரோடு விழுங்கினேன். மூன்றாம் முயற்சியில் இறங்கியது. கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, பஞ்சாமிர்தத்தை அவளுக்கு நான் ஊட்டினேன்.

மகளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்த வாரம் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். நர்ஸ் வாயைத் திறக்கும் முன் நானே, பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன்:

"புள்ள கையும் காலும் நல்லா ஆட்டிக்கினு கீதாம்!"