கடைசி வாளி

எங்கள் காம்பவுண்டில் கம்பெனிக்குப் போகிற பெண்கள் பன்னிரண்டு பேர். பாத்ரூம் இரண்டு. அதில் ஒன்று பூட்டியே இருக்கும். வீட்டுக்காரர் தசரதன் மாதம் ஒருமுறை காஞ்சிபுரத்திலிருந்து வருவார். வந்த இடத்தில் வயிறு கலக்கினால் என்ன செய்வது என்று ஒன்றைத் தனக்கென்று பூட்டி வைத்திருக்கிறார். மற்ற இருபத்தொன்பது நாளும் அது அவரை நினைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். ஆக, பன்னிரண்டு பேருக்கு ஒன்று. குளிப்பதும் மற்றதும் அந்த ஒரே அறைக்குள்தான்.

அடுப்பில் சோறு வேகும்போது ஆள் வந்து வரிசையில் நிற்க முடியாது. அதனால் வாளி நிற்கும். எந்த வாளி முன்னால் இருக்கிறதோ, அந்த வாளிக்காரிக்கு முதலிடம். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் தெரு முழுக்க இதுதான் சட்டம்.

ஐந்து மணிக்கே முதல் வாளியை வைப்பவர் ஜாஸ்மின் அக்கா. ஏழு மணிக்குக் கடைசியாகக் குளித்துவிட்டு வருபவரும் அவர்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பதை என் அறை ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன். பாத்ரூமுக்கு நேர் எதிர் அறை. நான் கம்பெனிக்குப் போகாதவள்; என் முறையும் ஆண்கள் முறையும் அவர்கள் கிளம்பிய பிறகுதான். அந்தக் கூச்சலில் யார் தூங்குவது?

"யக்கா, இன்னைக்கு எங்க லைன்ல ஆடிட்டு. சீக்கிரம் போகணும்."

"போம்மா, நீ போ."

"அக்கா, எனக்குத் தலைக்கு ஊத்தணும். முடி காய நேரமாகும்."

"அய்ய, அதுக்கு இன்னா கேட்டுக்கினு நிக்கிற? போ போ."

எல்லாரும் ஏறுவது ஒரே கம்பெனி பஸ். அது ஏழு பத்துக்கு வரும். சீக்கிரம் குளித்தவளுக்காக அது சீக்கிரம் வந்ததில்லை. ஆடிட் என்று சொன்னவள் குளித்துவிட்டு முக்கால் மணி நேரம் போனில் சீரியல் பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். அக்காவிடம் சொன்னால், "அவளுக்கு அதான் சந்தோசம்னா பாக்கட்டுமே" என்பார். இப்படிப்பட்டவரிடம் கோள் சொல்வதில் ஒரு ருசியும் இல்லை.

அக்காவுக்கு வயது முப்பத்தொன்பது. சேரப்பணஞ்சேரிக்காரர். கணவர் டில்லிபாபு அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போவார். அன்றைக்கு அவர் வேட்டியை இஸ்திரி போட்டுக் கொடுப்பது அக்கா. ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தகரக் கொட்டகை சபையில் இறக்கிவிடுவது அண்ணன். அந்தச் சபையில்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது. என்றைக்கோ பாஸ்டர், உனக்கு முன்னால் அடுத்தவரை நிறுத்து என்று ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்திருக்கிறார். அறுபது பேர் கேட்டார்கள். ஐம்பத்தொன்பது பேர் ஆமென் சொன்னார்கள். அக்கா மட்டும் அதை நம்பிவிட்டார்.

சபையில் விருந்து என்றால் பாஸ்டர் குடும்பம் முதல் பந்தி. அக்கா பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருவார். அதற்குள் பிரியாணி குஸ்காவாகியிருக்கும்.

"இவ சொர்க்கத்துக்குப் போனாலும் கேட்டாண்ட நின்னுக்கினு எல்லாரையும் உள்ள அனுப்புவா. கடைசில கதவை மூடிடுவானுங்க" என்பார் டில்லிபாபு அண்ணன்.

அக்கா சிரிப்பார். "இயேசப்பாவே துண்டைக் கட்டிக்கினு மத்தவங்க காலைக் கழுவுனாரு. நான் ஒரு பாத்ரூமை வுட்டுக் குடுக்க மாட்டனா?"

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அட்டையில் "பழுது" என்று எழுதிக் கதவில் மாட்டிவிட்டு, அக்கா காதில் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தபடி திரும்பினார்கள். அக்கா என்ன செய்தார் தெரியுமா? கதவு பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, "அது பொய் போர்டும்மா, உள்ள நல்லாத்தான் கீது, போ" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். போர்டு மாட்டியது யார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

இது வெறும் வேடிக்கையாகவே இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்த வருஷம் அப்படி இல்லை. அக்கா நாலு வருஷமாக கான்ட்ராக்ட். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டு நிறுத்துவார்கள், கொஞ்ச நாள் கழித்து புதுசாகச் சேர்ந்ததுபோல் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை பத்துப் பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். லிஸ்ட்டில் அக்கா பெயர் இருக்கிறது. நாற்பது வயது ஆனவர்களை எடுக்க மாட்டார்கள், அதனால் அக்காவுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. இன்னொரு விதியும் உண்டு. ஆறு மாதத்துக்குள் மூன்று முறை லேட்டானால் பெயரை அடித்துவிடுவார்கள். அக்கா ஏற்கெனவே இரண்டு முறை பஸ்ஸை விட்டிருந்தார். லிஸ்ட்டை வெள்ளிக்கிழமை மாலை முடிக்கிறார்கள்.

இதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தனக்கு இடம் கேட்டதுபோல் ஆகிவிடுமாம். டில்லிபாபு அண்ணன் என்னிடம் புலம்பினார். நான் காம்பவுண்டு முழுக்க ஒலிபரப்பினேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். காந்திமதிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அடப்பாவமே, நான் அக்காவுக்காக வேண்டிக்கிறேன்டி" என்றாள். மறுநாள் காலையில், "அக்கா, இன்னைக்கு மட்டும் நான் போயிட்டு வந்துர்றேன். நாளையிலேர்ந்து நீங்கதான் ஃபர்ஸ்ட்டு" என்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் பியூலா வந்து சேர்ந்தாள். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத் ஊர். இருபத்திரண்டு வயது. வந்த அன்றைக்கே வாளியைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாள். அக்காவின் வாளிக்கும் பின்னால். அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தன் வாளியை எடுத்து அதற்குப் பின்னால் வைத்தார்.

"யக்கா, நீங்க மூத்தவிய. மொதல்ல நீங்க போங்க."

"புதுசா வந்த பொண்ணும்மா நீ. நீ போ."

"நான் பொறவு போறேன்க்கா."

"நீ போனாத்தான் நான் போவேன்."

பாத்ரூம் திறந்து கிடந்தது. இரண்டு பேரும் வெளியே. அந்த இடைவெளியில் ஏற்கெனவே ஒருமுறை குளித்த காந்திமதி, "யாரும் போகலல்ல?" என்று இன்னொரு முறை உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் இதே கூத்து. பஸ்ஸை விடாமல் இருந்ததே ஆச்சரியம். டில்லிபாபு அண்ணன், "ரெண்டு பேரும் சேந்து அந்தக் கதவுக்குப் பொட்டு வெச்சிக் கற்பூரம் காட்டிட்டுப் போங்க. உள்ள போற உத்தேசம்தான் இல்லியே" என்றார்.

அக்காவுக்கு இது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போட்டி வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் பியூலாவிடம் லிஸ்ட் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏ புள்ள, இதை ஏன் முன்னாலயே சொல்லல?" என்று என் தலையில் ஒன்று வைத்தாள். புதுசு என்பதால் அவளுக்கு மட்டும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை. மற்ற பத்துப் பேரும் குளித்து முடித்தபோது மணி ஆறு ஐம்பது. பஸ் ஸ்டாப்புக்கு நடை எட்டு நிமிஷம். ஒருத்தி போய்விட்டு வரத்தான் நேரம் இருந்தது. குளிக்காமல் ஓடலாம். ஆனால் மற்றதுக்குப் போகாமல் எட்டு மணி நேரம் லைனில் நிற்க முடியாது. அங்கே சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்கினால்தான் பாத்ரூம்.

"போம்மா" என்றார் அக்கா. "முத மாசமே லேட்டுன்னா சூப்பர்வைசர் கண்ணுல பட்டுடுவ."

"எனக்கு ஒண்ணுதான் விழும். உங்களுக்கு மூணாவது. எல்லாம் தெரியும் எனக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அது பரவால்லம்மா. கர்த்தர் பாத்துக்குவாரு. நீ போ."

பியூலாவின் முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா இப்பிடிச் செய்யுதிய? எல்லாப் புண்ணியத்தையும் நீங்களே வாரிக்கிட்டா நாங்க எங்க போவோம்? ஆண்டவர் காலைக் கழுவுனாருன்னு சொல்லுதீயள்லா. ஒருத்தர் உக்காந்து காலை நீட்டுனாத்தான கழுவ முடியும்? எல்லாரும் குனிஞ்சே நின்னா யார் காலைக் கழுவ?"

அக்காவை யாரும் இப்படித் திட்டியதில்லை. கையில் சோப்பு டப்பாவோடு அப்படியே நின்றார். பிறகு உள்ளே போனார். தாழ் விழுந்தது. டிபன் பாக்ஸோடு வாசலில் நின்ற டில்லிபாபு அண்ணன் வல்லக்கோட்டை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

ஏழு மணிக்கு அக்கா ஓடினார். வழியில் யாருக்காவது ஒதுங்கி நின்றுவிடுவாரோ என்று நானும் கூடவே ஓடினேன். பயந்தது சரிதான். மெயின் ரோட்டில் ஒரு மாட்டுக்கே வழிவிடப் பார்த்தார். முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏற்றிவிட்டேன். கதவு மூடியது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அக்கா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த காந்திமதி, "அழாதக்கா. நான் வேண்டிக்கிட்டேன்ல, பலிச்சிருச்சு பாரு" என்று தட்டிக்கொடுத்தாள். பஸ் ஒரகடம் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

ஏழு பதினெட்டுக்கு பியூலா வந்தாள். தலையில் ஈரத்துண்டு. அவசரமே இல்லாமல் டீக்கடையில் இரண்டு டீ சொன்னாள். ஒன்று எனக்கு.

"ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க. ஆனா ஒரே அழுகை. ஏதோ திருடிட்டுப் போறவங்க மாதிரி."

பியூலா டீயை ஊதி ஊதிக் குடித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"மொத தடவைலா, அப்படித்தான் இருக்கும்" என்றாள். "போகப் போகப் பழகிரும்."