சுடுவதா, விற்பதா: நாயுடு கடைக் கைத்துப்பாக்கி

துப்பாக்கிக் கடைக்கு வாங்க வருகிறவர்களைவிட, சும்மா தொட்டுப் பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள்தான் அதிகம். ஜவுளிக்கடையிலோ பாத்திரக்கடையிலோ நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களிடம் புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். எங்களிடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விட்டத்தைக் குறி பார்த்துவிட்டுப் போவார்கள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் நான் திருத்தணியில் ஒரு நாயுடுவின் கடையில் குமாஸ்தா. வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்டுகிறவர்களுக்கு வெடிமருந்தும் ஈய ரவையும் விற்பதுதான் எங்கள் பிழைப்பு. அது போக, விற்காத கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தது.

வெடிக்குமா?

அது லண்டனில் செய்தது. மெருகேற்றிய மரப்பெட்டி, உள்ளே பச்சை வெல்வெட்டு. ஒரு ஜமீன்தார் ஆசைப்பட்டார் என்று நாயுடுவின் தகப்பனார் வரவழைத்தார். கப்பல் வருவதற்குள் ஜமீன்தார் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று முதல் அதில் ஒரு தோட்டாகூட ஏறவில்லை. கடையில் கிடந்த சீமை விலைப்பட்டியல்களை எல்லாம் படித்துத் தீர்த்த நான், இப்படிச் சுடாத துப்பாக்கிக்குச் சேகரிப்பவர்கள் வாரிக் கொடுப்பார்கள், ஒரே ஒரு தரம் சுட்டாலும் குழாயில் கரி பிடித்து மதிப்புப் போய்விடும் என்று நாயுடுவுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

ஆர்.கே.பேட்டை விவசாயி ஒருவர் வந்து, "ரிவால்வர் ஒண்ணு இருக்குதாமே, காட்டுங்க" என்றார். அது ரிவால்வர் அல்ல, பிஸ்டல் என்று தொடங்கி, சுழலும் உருளை உள்ளது எது, இல்லாதது எது என்று விஸ்தாரமாக விளக்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். இதுவரை சுட்டதே இல்லை என்று பெருமையோடு முடித்தபோதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஆங், ஏர்ல கட்டாத மாட்டைப் பெருமையா வித்துகினு இருக்கீங்க! சாமி, அது வெடிக்குமா வெடிக்காதான்னு உங்களுக்கே தெரியாதா?"

நாயுடுவின் ஆசை

ஊருக்கெல்லாம் துப்பாக்கி விற்ற நாயுடு, தம் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியும் சுட்டதில்லை. சரக்கில் கை வைக்கக் கூடாது என்பது தகப்பனார் உத்தரவு. ஆனால் பிற்பகலில் கடை ஓய்ந்திருக்கும்போது பெட்டியைத் திறப்பார்; கைத்துப்பாக்கியை எடுத்து எதிர்ச் சுவரைக் குறி பார்ப்பார்; வாயாலேயே "டுமீல்" என்பார்; துடைத்துத் திரும்ப வைப்பார். நான் படித்துக்கொண்டிருப்பதாக நடிப்பேன்; எப்போதும் எதையாவது படிப்பதால் அவருக்கு நான் 'பண்டிதர்'. "மத்ததெல்லாம் பன்னி வெரட்டுற கட்டை, பண்டிதரே. சுட்டா இதைச் சுடணும்" என்று ஒருநாள் அவரே ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான், கைத்துப்பாக்கிக்கு இனி லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. லைசென்ஸ் இல்லையென்றால் வாங்க ஆள் இல்லை. இப்போது விற்க வேண்டும், அல்லது இப்போது சுட்டுவிட வேண்டும். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். சுட்டால் மதிப்புப் போய்விடும், விற்றால் ஆசை போய்விடும் என்று தர்க்கரீதியாக எடுத்துச் சொன்னேன். நாயுடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைச் சொல்றதுக்கா இத்தினி புஸ்தகம் படிச்சே?"

மடி கலையாத லுங்கி

பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி கொண்டுவரும் நெசவுக்காரர் ஒருவர் நாயுடுவுக்குப் பழக்கம். அவரிடம் நாயுடு நியாயம் கேட்டார். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நைனா, மடி கலையாத லுங்கிக்கு ஒரு வெலை, பிரிச்சு மடிச்சதுக்கு ஒரு வெலை. பிரிக்காதீங்க" என்றார். நான் வெற்றியோடு தலையை ஆட்டினேன். அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். "ஆனா ஒண்ணு. ரொம்ப நாளு பிரிக்காமலே வெச்சிருந்தா, அப்புறம் எலிதான் கட்டிக்கும்."

சந்தனம்

ஆயுத பூஜைக்கு நாயுடு சந்தனக் கிண்ணத்தோடு கைத்துப்பாக்கியை நெருங்கினார். நான் குறுக்கே பாய்ந்தேன். சந்தனத்தில் ஈரம் உண்டு. ஈரம் பட்டால் துரு. துருப் பிடித்தால் சுட்டதைவிட மோசம். "சாமி காரியத்துலயும் சட்டமா?" என்று அவர் முறைத்தார். கடைசியில் பெட்டி மூடிமேல் ஒரு பொட்டு என்று ராஜியானோம். அதற்கே மாலை, அதற்கே எலுமிச்சம்பழம்.

எங்கள் கடையில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் காதர் பாய் தம் சுத்தியலையும் அரத்தையும் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார். கடையில் மற்ற எல்லாவற்றுக்கும் பூசி முடித்துச் சந்தனம் அவரிடம் வந்தபோது கிண்ணம் காலி. "வருஷம் பூரா வெல்வெட்டுல படுத்துகினு இருக்கிறவனுக்கு மாலை, ஒழைக்கிற என் சுத்திக்கு வெறுங்கிண்ணமா? நல்லாகீது நைனா உங்க நியாயம்!"

ரெட்டியார்

சித்தூர்ப் பக்கத்து நிலச்சுவான்தார் ரெட்டியார் ஒருவர், பழைய துப்பாக்கி சேர்ப்பவர், கையில் லைசென்ஸோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்று காலையில் நாயுடுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ரயில் லேட்டுன்னா சொல்லு பண்டிதரே, ஆத்துப் பக்கம் போயிட்டு வந்துடறேன்" என்றார். அந்த ரயில் அன்றைக்கென்று நேரத்துக்கு வந்தது.

ரெட்டியார் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டு எடுத்து, துணி வெள்ளையாகவே இருந்ததைப் பார்த்தார். பேரம் பேசவில்லை. பெட்டி கைமாறியபோது நாயுடுவின் விரல்கள் மூடியை விட்டுவிடக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முகம் செத்துப்போயிற்று. வாங்கிய கையோடு ரெட்டியார், "இங்க சுடறதுக்கு எடம் எங்க இருக்குது?" என்றார். நான் பதறிப்போனேன். இவ்வளவு விலை கொடுத்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பதுதான் சேகரிப்பவர்களின் மரபு என்று மேற்கோள்களோடு எடுத்துரைத்தேன். "ஏமய்யா, நாலு கை மாறினதை எல்லாம் வீடு நெறைய வெச்சிருக்கேன். மொதல் குண்டு என்னுதா இருக்கணும்னுதான் இந்த வெலையே. பூட்டி வெக்கிறதுக்குன்னா உங்க கடையே போதுமே!"

ஆற்று மணலில்

எல்லோருமாக நந்தி ஆற்று மணலுக்குப் போனோம். காதர் பாய் ஓர் ஓட்டைப் பானையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். ரெட்டியார் சுட்டார், பானை சிதறியது, சத்தம் மலையில் மோதித் திரும்பியது. பாதையில் போய்க்கொண்டிருந்த காவடிக்காரர்கள் ஏதோ உற்சவ வேட்டு என்று நினைத்து, "அரோகரா!" என்றார்கள்.

நாயுடு பானையைப் பார்க்கவில்லை. புகை வரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "ரெட்டிகாரு, கரிதான் பிடிச்சிடுச்சே. இனிமே ஒண்ணு சுட்டா என்ன, ரெண்டு சுட்டா என்ன? அடுத்தது எனக்குக் குடுங்களேன்" என்றார். ரெட்டியார் சிரித்துக்கொண்டே தோட்டா போட்டு நீட்டினார். ஒரு கண்ணை மூட வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுப்பதற்குள் நாயுடு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுட்டுவிட்டார். குண்டு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. மனிதர் அசையாமல் நின்றார். பயந்துபோய் அருகில் ஓடி, என்ன ஆயிற்று என்று கேட்டேன். "காது அடைச்சிக்கினுது பண்டிதரே, நீ பேசறது ஒண்ணும் கேக்கல. இன்னொரு தோட்டா இருக்குதான்னு அவரைக் கேளு!"

சுட்டால் விற்க முடியாது, விற்றால் சுட முடியாது என்று நான் படித்த சீமைப் பட்டியல்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்லின என்றால், அவற்றை எழுதியவர்களில் ஒருவர்கூடத் திருத்தணியில் கடை வைத்ததில்லை என்றுதான் அர்த்தம்.