சிப்பிகாட்டில் இறங்காத தண்ணீர்

தீவுக்கு மாற்றலாகி டாலிகஞ்சில் குடிவந்த வாரமே எனக்கு ‘பரஃப்வாலி’ என்று பெயர் விழுந்துவிட்டது. முன்பு என்ன வேலை பார்த்தாய் என்று கேட்ட வங்காளி மளிகைக்காரரிடம், இமாச்சல மலையில் பரஃப், அதாவது பனி, அளந்தேன் என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். இந்தத் தீவில் பரஃப் என்றால் மீன்மேல் கொட்டும் ஐஸ். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து, கல்யாணத்து மீனுக்கு ஐஸ் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்கவைத்தார். சிரித்து அனுப்பினேன். கதவைச் சாத்திய பிறகுதான், அந்த மலையைப் பற்றிப் பேச இங்கே ஒருவர்கூட இல்லை என்பது உறைத்தது.

திருநெல்வேலிப் பக்கத்து வெயிலில் வளர்ந்த எனக்குப் பனியாறு வேலையாக வாய்த்தது. பனியில் துளைபோட்டு மூங்கில் கழிகளை நடுவோம். கோடை முடிந்து போனால், பனி உருகிக் கழி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளப்போம். கீழே ஓடையில் இறங்கி, உருகிய தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு வருடமும் கழிகள் கூடுதலாக வெளியே நின்றன. கடைசியில் என் நுரையீரல் உயரத்துக்கு மறுத்துவிட்டது. கடல்மட்டம் அளக்க இங்கே அனுப்பினார்கள்.

சுனாமிக்குப் பிறகு சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் ஏறி நின்றது. அங்கே அளவுகோல் நடப் போனபோதுதான் ராசாத்தி அக்காவைப் பார்த்தேன். அவர் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். கல்யாணமாகி வந்த சிப்பிகாட்டில் அக்கா நெல் விதைத்தார். புருஷன் ஹேடோ துறைமுக வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அக்கா மட்டும் வருடாவருடம் வரப்பை உயர்த்திக்கொண்டு, தண்ணீர் இறங்கத் தனியாகக் காத்திருந்தார். போகும்போதெல்லாம் எனக்குச் சோறு போட்டார். தீவில் நான் தமிழில் பேசிய ஒரே வீடு அது.

ஒருநாள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“தண்ணி எப்ப புள்ள எறங்கும்?”

மற்ற அதிகாரிகளைப் போல ‘பார்க்கலாம்’ என்று சொல்லியிருக்கலாம். அவர் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

“இறங்காதுக்கா. பூகம்பத்துல நிலமே தாழ்ந்துபோச்சு. நான் இருந்த மலைகள்ல உருகுற பனியும் கடல்லதான் வந்து சேருது.”

“மலையில பனி உருகுனா என் வயலுக்கு என்னா? நீயும் ஆபீஸ்காரிதானே!” மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்தமுறை போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. ஹேடோவுக்குப் புருஷனிடமே போய்விட்டதாகச் சொன்னார்கள். அளவெடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்றேன். அதன்பின் பல மாதம் அலுவலக இந்தி மட்டும்தான்.

விடுமுறைக்குச் சென்னைக் கப்பல் ஏறப் போன அன்று, ஹேடோ துறைமுக வாசலில் அக்கா நின்றார். பயணிகள் பட்டியலில் என் பெயரைப் பார்த்துப் புருஷன் சொன்னாராம். கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

“நீ சொல்லலேன்னா இன்னும் வரப்புதான் போட்டுக்கிட்டு இருப்பேன். அன்னிக்கு உம்மேல கோவமில்ல புள்ள, தண்ணிமேலதான்.”

பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“ஊருக்குப் போயிட்டு வரேன்க்கா.”

“மெயின்லேண்டுக்குப் போறே. சரி, நம்ம ஊருக்கு எப்ப திரும்பி வருவே?”

வரிசை நகர்ந்தது; கப்பலேறினேன். கப்பல் கரையை விட்டபோது எல்லோரும் ஏதோ ஒரு பக்கக் கம்பியைப் பிடித்து நின்றார்கள், சிலர் தீவைப் பார்த்து, சிலர் கடலைப் பார்த்து. நான் நடுவில், கருவாட்டு வாசனையோடு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.