இருநூற்று இருபத்தொரு மில்லிகிராம்

தச்சநல்லூரில் ஒரு சிறிய தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில்தான் எனக்கு முதல் வேலை. தண்ணீரில் ஃப்ளூரைடு பார்க்கும் மீட்டர் புதிதாக வந்து இறங்கிய அன்று எனக்கும், கூட வேலை பார்த்த தோழிக்கும் கால் தரையில் பாவவில்லை. சாத்தான்குளத்துக்காரியான அவள், முதலில் சோதிக்கத் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்து வந்திருந்தாள்.

அளவு தெரிந்த கரைசலை முதலில் காட்டி மீட்டரைப் பழக்க வேண்டும். லிட்டருக்கு நூறு மில்லிகிராம் ஃப்ளூரைடு என்று கையேடு கேட்டது. நூறு மில்லிகிராம் சோடியம் ஃப்ளூரைடு உப்பை நிறுத்து, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தோம். அதை நீர்க்கச் செய்து மீட்டருக்குக் காட்டினோம். பிறகு அவள் வீட்டுத் தண்ணீர். திரையில் 1.8 என்று வந்தது.

அவள் முகம் செத்துப்போயிற்று. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது.

"ஏட்டி, எங்க வீட்ல எல்லாரும் இதத்தான குடிக்கோம்!" என்றவள், உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். "எம்மா, கிணத்துத் தண்ணிய யாரும் குடிக்காண்டாம். பெறவு சொல்லுதேன்."

"இருட்டி, பைய" என்றபடி, மீட்டரோடு வந்த சரிபார்ப்புப் பாட்டிலை எடுத்தேன். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று அதில் ஒட்டியிருந்தது. வைத்துப் பார்த்தால் 2.2!

மீட்டரில் கோளாறா? உப்புப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன். மூலக்கூறு எடை 42. அதில் சோடியம் 23, ஃப்ளூரைடு வெறும் 19. நாங்கள் நூறு மில்லிகிராம் போட்டது உப்பு. கையேடு கேட்டதோ ஃப்ளூரைடு! கரைசலில் நாற்பத்தைந்துதான் இருந்திருக்கிறது. அதை நூறு என்று மீட்டரை நம்ப வைத்திருக்கிறோம்.

"நாப்பத்திரெண்ட பத்தொம்பதால வகுட்டி!" என்று கத்தினேன்.

"ரெண்டு புள்ளி ரெண்டு ஒண்ணு!" அவளும் கத்தினாள். "அப்பம் உப்பு இருநூத்தி இருபத்தொண்ணுல்லா போடணும்! நீயே நிறு."

நிறுத்தேன். கரைத்தோம், நீர்க்கச் செய்தோம், மீட்டரை மறுபடி பழக்கினோம். சரிபார்ப்புப் பாட்டில் 1.0 காட்டியது. அவள் என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். வீட்டுத் தண்ணீரை வைத்தோம். 0.8!

வேலை செய்யும் இடம் என்பதையும் மறந்து ஒரு குதி குதித்தவள், மறுபடி அம்மாவுக்குப் போன் போட்டாள். "எம்மா, நல்ல தண்ணிதாம்மா! குடிங்க!"

"ஏளா, நீ சொன்னேன்னு இப்பந்தான் குடத்தக் கவுத்தேன்!" என்று அம்மா போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

சிரிப்பை அடக்க முடியாமல், குழாயில் வந்த தாமிரபரணித் தண்ணீரையும் பிடித்து மீட்டரில் வைத்தோம்.