பத்தாவது ஆளும் ஒரு யன்னல் ஆணியும்

போன கிழமை மருமகளோடு மெல்பேணின் புறநகரான டார்னெய்ட்டில் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வண்டில் தள்ளத்தான் என்னைக் கூட்டிப்போவார்கள். சாமான் தெரிவுசெய்யும் அதிகாரமெல்லாம் எனக்கு இல்லை. யாரோ தட்டிவிட, ஒரு போத்தல் நிலத்தில் விழுந்து உடைந்தது. வினாகிரியும் வெங்காயமும் மீனுமாக ஒரு நாற்றம் கிளம்ப, சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது. "மாமா, அங்காலை போகாதேங்கோ, கண்ணாடி கிடக்கு" என்று மருமகள் கத்தினாள். நான் போனேன். சும்மாவும் போகவில்லை, வாயூறிக்கொண்டு போனேன். அது ஹெரிங் மீன் ஊறுகாய். எழுபதுகளில் சனிக்கிழமை தவறாமல் நான் தின்ற சாமான். தின்ற இடம் யூதர்களின் தொழுகைக்கூடம். சைவப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இருங்கள், சொல்கிறேன்.

நானும் மனைவி பூரணமும் அப்போது மெல்பேணுக்குப் புதுசு. எனக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படம் கீறுகிற உத்தியோகம். செயின்ட் கில்டாப் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் வாடகைக்கு வீடு எடுத்தோம். குடிபோன பிறகுதான் பக்கத்து வீடு வீடல்ல, ஷூல் என்று தெரிந்தது. தங்கள் தொழுகைக்கூடத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பழைய செங்கல் வீடொன்றின் நடுச்சுவரை இடித்துக் கூடமாக்கி, வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் பதித்திருந்தார்கள். வந்துபோனவர்கள் யுத்தத்துக்குப் பிறகு போலந்திலிருந்து கப்பலேறி வந்த கிழவர்கள், கொஞ்சம் கிழவிகள். அவர்கள் பேசிய இங்கிலீஷ் இப்போது என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது. ஆட்களும் அச்சாக என் சித்தப்பாமார்தான். ஆகவே அப்படியே சொல்லிவிடுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

முதல் சனிக்கிழமை காலை கதவைத் தட்டியவர் ஹிர்ஷ். தையல்காரர், தனி ஆள், மெலிந்த உடம்பு, பெரிய காது. "தம்பி, உள்ளுக்கை சரியான குளிர்" என்றார். பாவம், பேச்சுத்துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "ஓம், மெல்பேண் குளிர் அப்பிடித்தான்" என்று அனுதாபப்பட்டுக் கதவைச் சாத்தினேன். அடுத்த சனியும் வந்தார். "அறையைச் சூடாக்கிற கீற்றர் ஒண்டு இருக்குது. ஆனால் எரியுதில்லை." நான் பெரிய மனிசத்தனமாக, "திங்கக்கிழமை ஆரையும் கூப்பிட்டுத் திருத்துங்கோ" என்று புத்தி சொன்னேன். மனிசன் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

குசினியிலிருந்து பூரணம் வந்தாள். "உங்களுக்கு மண்டையிலை ஏதும் இருக்கே? அந்த மனிசன் வாய்விட்டுக் கேக்காது. போய்ச் சுவிச்சைப் போட்டுவிடுங்கோ." எப்படி விளங்கியது என்று கேட்டேன். "எங்கடை வீட்டிலை ஆர் ஒரு சாமானை நேரை கேட்டவை?" என்றாள். அதுவும் சரிதான். அவளுடைய தகப்பனார் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்து, முதல் இரண்டு மணித்தியாலமும் புகையிலை விலையைப் பற்றித்தான் கதைத்தார்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். நெருப்பு மூட்டக்கூடாது, சுவிச்சுப் போடக்கூடாது, போடச் சொல்லி இன்னொருவனை ஏவவும் கூடாது. குளிருக்கு மட்டும் சலுகை உண்டு, வாய்விட்டுக் கேட்கலாம் என்று பாதிப் பேர். கூடவே கூடாது என்று மீதிப் பேர். சண்டை வேண்டாமென்று ஒரு சமாதானம் கண்டிருந்தார்கள்: கேட்பதில்லை, காதில் போட்டுவைப்பது. அன்றிலிருந்து நான் அந்த ஷூலின் கீற்றர் மந்திரி. தொழுகை முடிந்ததும் பிஸ்கட்டில் ஹெரிங் வைத்து, விரல் உயரத்துக்கு விஸ்கியும் ஊற்றித் தருவார்கள். அந்தப் பதவியை நான் லேசில் விட்டுக்கொடுப்பேனா?

தொழுகை என்றால் வேதக்காரரின் மாதா கோயில் மாதிரி ஊசி விழுந்தால் கேட்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஐயோ, அது சந்தை! ஒருவர் முதற் பக்கத்தில், ஒருவர் கடைசிப் பக்கத்தில், ஆளாளுக்கு ஒரு வேகம். முந்தி முடித்தவர் பக்கத்து ஆளோடு மருமகனைப் பற்றிக் கதைப்பார். பின்னால் இரண்டு பேர் பந்தடி முடிவைப் பற்றி அடிபடுவார்கள். திரைக்கு அங்கால் பெண்களின் குசுகுசுப்பு. நடுவில் ஒருவர் மேசையில் ஓங்கி அறைந்து "சத்தம் போடாதேங்கோ!" என்று எல்லாரையும்விடப் பெரிய சத்தம் போடுவார். எங்கள் ஊர்த் திருவிழாவில் நின்றது போலவே இருந்தது. எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போனது.

ஹிர்ஷின் பக்கத்து இருக்கை ப்ளம் என்பவருடையது. கோழி வியாபாரம் செய்து ஓய்ந்தவர், பருத்த ஆள், தெருவுக்கு எதிர்ப்பக்கம் தனியாக இருந்தார். இரண்டு பேரும் ஒரே சின்ன ஊர், ஒரே கப்பல். ஹிர்ஷுக்கு யன்னல் திறந்திருக்க வேண்டும். ப்ளமுக்குக் கழுத்தில் காற்றுப் படக்கூடாது. வருஷக்கணக்காக ஒருவர் திறப்பதும் மற்றவர் பூட்டுவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுதுபடச் சற்று முந்தி, ப்ளம் வந்து யன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார். அந்த மூளையைப் பாருங்கள்! பொழுதுபட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், பிறகு அடுத்த நாள் இருட்டும்வரை ஒருவரும் குறடு தூக்க ஏலாது.

சனிக்கிழமை வெயிலில் ஊரே கொதித்தது. ஹிர்ஷ் வேர்த்து ஒழுகி என்னிடம் ஓடிவந்தார். "தம்பி, உள்ளுக்கை நல்ல வெக்கை. யன்னலிலை ஆரோ ஆணி அடிச்சுக் கிடக்குது." நான் இப்போது தேறிவிட்டேன் அல்லவா, உடனே குறட்டோடு புறப்பட்டேன். உள்ளே காலை வைத்ததும் ப்ளம் சட்டைக் கழுத்துப் பட்டனைப் பூட்டிக்கொண்டு, "தம்பி, உள்ளுக்கை இண்டைக்கு எவ்வளவு சுகமாயிருக்கு, என்ன?" என்றார். முழு ஷூலும் தொழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தது. "அடுப்பிலை கறி கிடக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். வீரம் அவ்வளவுதான்.

இருட்டியதும் ஹிர்ஷ் தானே போய் ஆணியைப் பிடுங்கி, ப்ளமின் இருக்கையில் வைத்துவிட்டார். அதைக் கண்ட ப்ளம், இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று போனார். அடுத்த சனியிலிருந்து தன் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு, ஷூலுக்குள் கேட்கும்படி தொண்டை கிழியத் தொழுதார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அந்த நாள் வரும்வரை.

ஹிர்ஷுக்கும் ப்ளமுக்கும் ஊரில் தாய், தகப்பன், சகோதரங்கள், ஹிர்ஷுக்கு மனைவி பிள்ளையும் கூட, எல்லாரையும் யுத்தத்தில் கொன்றுவிட்டார்கள். எந்த நாள் என்று சொல்ல ஆளில்லை. அதனால் இரண்டு பேருமாக மாரிகாலத்தில் ஒரு நாளைத் தாங்களே குறித்துக்கொண்டு, வருஷாவருஷம் அன்று காலை கடிஷ் சொல்வார்கள். செத்தவர்களுக்காகச் சொல்லும் பிரார்த்தனை அது. அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம், முழுக்கக் கடவுளுக்குப் புகழ்ச்சி. அவ்வளவும் நடந்த பிறகும் புகழ்ச்சியா என்று எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. ஆனால் கடிஷ் சொல்லப் பத்து யூத ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் நின்றால் வாய் திறக்க ஏலாது.

அந்த வருஷம் அது ஒரு கிழமை நாள், நல்ல மழை. ஹிர்ஷ் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியும் தன்னோடு சேர்த்து ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள். நான் கந்தோருக்குப் புறப்பட்டபோது மனிசன் ஷூல் படலையில் நனைந்துகொண்டு தெருவின் அந்த அந்தத்தையும் இந்த அந்தத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். நேரெதிர் விறாந்தையை மட்டும் பார்க்கவில்லை. "நான் வரட்டே?" என்று கேட்டேன். "நீ நல்ல பொடியன். ஆனால் கணக்கிலை வரமாட்டாய்" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வேலைக்குப் போய்விடுவார்கள். செத்த அந்தச் சனங்களுக்கு அந்த வருஷம் கடிஷ் இல்லாமல் போய்விடும்.

யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த பூரணம் அகப்பையும் கையுமாகத் தெருவைக் கடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அங்கே ப்ளம் முழு உடுப்பும் தொப்பியும் போட்டு, தொழுகைச் சால்வைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். விடியமுந்தியே வந்து இருந்திருக்கிறார் போல.

"அங்கை ஒராள் குறையுது" என்றாள் பூரணம்.

"அவன் என்னைக் கூப்பிடேல்லை."

"அவர் கூப்பிடமாட்டார், நீங்கள் போகமாட்டியள். செத்த சனம் எவ்வளவு நேரம்தான் மழையுக்கை காத்துக்கொண்டு நிக்கிறது?"

ப்ளமின் முகம் சிவந்தது. ஏதோ ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர் எழும்பி, குடைகூட எடுக்காமல் நடந்தார். ஹிர்ஷைத் தாண்டி உள்ளே போனார். நான் கந்தோரை மறந்து வாசலில் நின்றேன். இரண்டு பேரும் சேர்ந்து சொல்லத் தொடங்கினார்கள். ப்ளம் வழக்கம்போல் முந்திக்கொண்டு ஓடினார். பாதியில் ஹிர்ஷுக்குக் குரல் அடைத்தது. ப்ளம் நிறுத்தினார். நிலத்தைப் பார்த்தபடி, ஹிர்ஷ் மூக்கைச் சீறி முடிக்கும்வரை காத்து நின்று, பிறகு அவரோடு சேர்ந்து சொன்னார். நான் அழுதேன். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் அழுதேன்.

இனி இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! முடிந்ததும் ப்ளம் நேரே விறாந்தைக்குப் போனார், அடுத்த சனி பழையபடி அங்கிருந்து கத்தினார். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கூப்பிடாமலே வருவார், சொல்வார், போவார்.

சில வருஷத்தில் ஹிர்ஷ் நித்திரையிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு காலை டிராம் தரிப்பில் ப்ளமைக் கண்டேன். எங்கே போகிறார் என்று கேட்டேன். எங்கள் ஷூலில் கிழமை நாளில் பத்துப் பேர் சேரமாட்டார்கள் என்பதால், பெரிய ஷூலுக்குப் போகிறாராம், ஹிர்ஷுக்குக் கடிஷ் சொல்ல. நாள் தவறாமல்.

"நீங்கள் அவரோடை கதைக்கிறதே இல்லையே?"

"இல்லைத்தான். அவனுக்கு வேறை ஆர் இருக்கினம்? நான்தானே அவன்ரை எதிரி" என்று சொல்லிவிட்டு டிராமில் ஏறினார்.

நாங்கள் பிறகு வீடு வாங்கித் தூரப் போய்விட்டோம். கிழவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, ஷூலை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே யோகா வகுப்பு நடக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்வருகிறார்கள், சத்தமே இல்லை. ப்ளம் ஏதோ முதியோர் இல்லத்தில் காலமானார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குக் கடிஷ் யார் சொன்னார்கள் என்று பூரணம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பாவி மனிசனுக்கு அந்த நேரத்தில் ஒரு எதிரிகூட மிச்சமில்லை.