மாலையோடு ஒரு கூடைப்பந்து ஆட்டம்

செம்பாக்கம் தாண்டும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் ஒரு டீக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தாம்பரம் பக்கம் நடந்தேன். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரியில் கிளீனராக இருந்தேன். கார்த்திகை மழை நன்றாகப் பிடித்துக்கொண்டதும் அடுக்குமாடிக்காரர்கள் லாரிக்கு போன் செய்வதை நிறுத்திவிட்டார்கள். "பொங்கலுக்கு அப்பால வா" என்றார் முதலாளி. கோபப்பட அதில் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை.

அன்று நான் இருந்த கோலத்தைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கைலி, அழுக்கு தெரியாது என்பதற்காக. சட்டையும் கறுப்பு, முதலாளி மகன் போட்டுக் கழித்தது. ஒரு மாதத் தாடி. வெறுங்கால். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

சேலையூர் பக்கம் ஒரு தெருவுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. கூடைப்பந்து மைதானம். ஓரத்தில் ஷாமியானா, அதன் கீழே சாப்பாட்டு அண்டா. குடிக்கத் தண்ணீர் கேட்கலாம் என்று உள்ளே போனேன். ஆட்டக்காரர்களுக்குச் சமைக்கிற அக்கா ஒருவர் என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க சாமி, வாங்க. டேய், சாமிக்கு மொதல்ல எல போடு."

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"அக்கா, நான் சபரிமலைக்கு மாலை போடலக்கா. செருப்பு அந்துபோச்சு, அவ்ளோதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயிறு கீது இல்ல? உக்காரு."

'வாங்க' மட்டும்தான் போனது. இலையில் விழுந்த சாம்பார் சாதம் குறையவில்லை. இத்தனை ஊர் சுற்றியதில் அப்படி ஒரு சாப்பாடு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

உண்மையிலேயே மாலை போட்ட சாமி ஒருவர் அங்கே இருந்தார். ஷாமியானாவின் குறுக்குக் கம்பில் தலை இடிக்கிற உயரம். மைதானத்தைப் பெருக்குவதும் காப்பதும் அவர் வேலை. மூலையில் இருந்த அறையில் படுத்துக்கொண்டு, உள்ளூர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவரை அக்கா கண்ணால் காட்டினார். சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் ஒரு லீக் அணியின் மேனேஜராம்.

"நம்ம சாமியப் பாக்கத்தான் வந்துகிறாரு. இந்த ஒரு மேட்ச்தான். புடிச்சா இட்டுகினு போவாரு. இல்லாட்டி இவரு இங்கியே பெருக்கிகினு கெடக்க வேண்டியதுதான்."

ஆட்டம் தொடங்குமுன் நடுவர் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துச் சோதித்தார். பனியனை டிராயருக்குள் விடு. மோதிரத்தைக் கழற்று. காப்பைக் கழற்று. ஒருவன் கையில் இறுக்கமாக மாட்டியிருந்த ஸ்லீவ் கறுப்பு, இன்னொருவனது வெள்ளை. ஒரே அணியில் ஒரே நிறம்தான் இருக்கலாம், எது என்று முடிவு செய்துகொள். சாமி தன் மாலையை ஆடாமல் கழுத்தோடு அழுத்திக் கட்டி பனியனுக்குள் விட்டிருந்தார். ஆடும்போது ஷூ போட்டுக்கொள்ள அவருடைய குருசாமி அனுமதித்திருந்தார். மாலை ஆட்ட விதிக்கு ஆகாது என்று இருவருக்கும் தோன்றவில்லை. நடுவரும் கவனிக்காமல் அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

பிறகு இரண்டு கேப்டன்களும் கை கொடுக்க வேண்டும். சாமிதான் இவர்கள் கேப்டன். எதிரணிக் கேப்டன் கை நீட்டவில்லை. குனிந்து அவர் காலைத் தொட்டு, "சாமி சரணம்" என்றான்.

"சாமி சரணம்" என்றார் இவரும், பழக்கத்தில்.

நடுவர் திரும்பினார். "சாமி, கழுத்துல என்ன?"

"மாலை சார்."

"கழட்டுங்க சாமி."

"மலைக்குப் போகாம கழட்டக் கூடாது சார்."

"தெரியும் சாமி, நானும் போனவன்தான். மணி யாரோட கண்ணுலயாவது பட்டா? விரல் மாட்டி இழுத்தா? கழட்டினா ஆடுங்க. இல்லைன்னா பெஞ்சுல உக்காருங்க."

இருவரும் குரலை உயர்த்தவில்லை. சாமியின் அணிக்காரன் ஒருவன் தோளைப் பிடித்தான். "மச்சான், பையில வச்சிட்டு ஆடுடா. அப்பால போட்டுக்க. சாமி இன்னா பாத்துகினா கீது?"

"டேய், மாலை போட்டவரப் போயி மச்சான்ற, டா போட்ற" என்றான் இன்னொருவன்.

"சரி. சாமி, கழட்டுடா."

சாமி சிரித்துவிட்டார். ஆனால் கழற்றவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்து ஆட்டம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் இல்லாமல் அணி மோசமாகத் தோற்றது. மேனேஜர் பாதி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் எதிரணிக் கேப்டன் நேராக மேனேஜரிடம் போனான். "சார், என்னாலதான் ஆச்சு. வாய மூடிகினு கை குடுத்திருக்கலாம். அரை மணி இருங்க சார். நாங்க அஞ்சு பேரும் திரும்ப நிக்கிறோம், அவரு ஆடட்டும்."

மேனேஜர் நடுவரைப் பார்த்தார். நடுவர் விசிலைச் சட்டைப்பையில் போட்டார். "மேட்ச் முடிஞ்சுது, இது பிராக்டிஸ். ஆனா மாலை மேல துணி தடிமனா சுத்தணும். ரூல் இல்லைன்னாலும் கண்ணு கண்ணுதான்."

கட்டுத்துணியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மழை வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றும்விட்டது. ஆனால் சிமெண்ட் தரை முழுக்கத் தண்ணீர்.

"வழுக்கும். யாராவது காலை உடைச்சுக்குவாங்க" என்று மேனேஜர் எழுந்தார்.

தரையைத் துடைப்பதும் சாமியின் வேலைதானே. வைப்பரை எடுக்க அவரே போனார். ஷூவின் அடிப்பாகம் நனைந்தால் பிறகு எப்படி ஆடுவார்? "நீங்க உக்காருங்க சாமி" என்று அதை வாங்கிக்கொண்டேன். வெறுங்காலோடு இருந்தவன் நான் ஒருவன்தான். தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளத் தள்ள, அக்கா கோணிகளைக் கொண்டுவந்து போட்டார். ஜெயித்த அணிப் பையன்கள் தங்கள் துண்டுகளால் துடைத்தார்கள். மேனேஜர் மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன்.

சாமி போட்ட முதல் மூன்று பந்தும் வளையத்தில் பட்டுத் திரும்பின. "விட்டுக் குடுக்காதீங்கடா, சார் கண்டுபுடிச்சிடுவாரு" என்றான் எதிரணிக் கேப்டன். அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. முட்டினார்கள், மோதினார்கள், ஒவ்வொரு மோதலுக்கும் "சாரி சாமி" என்றார்கள். அதற்குப் பிறகு சாமி என்ன ஆடினார் என்று விவரிக்க எனக்கு அந்த ஆட்டம் அவ்வளவு தெரியாது. கூடைக்குக் கீழே மேலெழும்பிய கைகளில் அவர் கைதான் எப்போதும் மேலே இருந்தது. மேனேஜர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"லீக் தை மாசம்தான்" என்றார் கடைசியில். "நாளைக்குக் காலைல கேம்ப்புக்கு வாங்க, மாலையோடயே. மார்கழியில மலைக்குப் போயிட்டு வந்துடணும். ஆனா வேட்டியோட டீம் பஸ்ல ஏற முடியாது. பேண்ட், ஷூ, காலர் வச்ச சட்டை. அது எங்க ரூல்."

"விரதத்துல கறுப்புதான் சார் போடணும்."

"எங்க டீம் பேண்ட்டே கறுப்புதான் சாமி."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ போடப் போனார். அந்த நடுவர்மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. காலைத் தொட்டுக் காட்டிக்கொடுத்தவனையும் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன். அங்கே யாரும் யாரையும் தோற்கடிக்கப் பார்க்கவில்லை. அன்றிரவு சாமி தன் அறையில் எனக்கும் ஒரு பாய் விரித்தார்.

காலையில் மைதானத்துச் செயலாளர் வந்தார். சாமியை வாழ்த்திவிட்டு, "இனிமே இங்க யாருப்பா பாத்துக்குவா?" என்று கவலைப்பட்டார். சாமி என்னைக் காட்டினார்.

"நேத்து தண்ணி தள்ளினாரே, அவரு."

"எவ்வளவு நாள் இருப்பே?" என்று கேட்டார் செயலாளர்.

"தெரியல சார்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ராத்திரி மழையில் ஒரு கம்பத்தடியில் குட்டை கட்டியிருந்தது. பயிற்சிக்கு வந்த பள்ளிப் பெண்கள் தலையை இழுத்துப் பின்னி, தோடுகளைக் கழற்றிப் பையில் போட்டபடி, தரை காயக் காத்திருந்தார்கள். நான் அந்தக் குட்டையிலிருந்து தள்ள ஆரம்பித்தேன்.